மூலை வெட்டிய கார்டு

மீன்குழம்பு வாசனை போக மேஜையை இரண்டு தடவை சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்து, பழைய வேட்டி ஒன்றை விரித்து, அச்சகத்திலிருந்து வந்த தாள்களை அதன்மேல் அடுக்கிக்கொண்டு லீதியாள் கத்திரிக்கோலோடு உட்கார்ந்தபோது மணி ஒன்றரை. நாலு மணிக்குக் கோயில் மணியடிக்கிற மாசிலாமணி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போவார். அதற்குள் முடிக்க வேண்டும். இருபத்துநாலு தாள், தாளுக்கு இருபது கார்டு. நாளைக் காலை புதுவருஷ ஆராதனை முடிந்ததும் சபையில் பெரியவர் சின்னவர் எல்லாரும் வரிசையில் வந்து, பித்தளைத் தட்டில் கவிழ்த்து வைத்திருக்கிற கார்டில் ஆளுக்கொன்று எடுப்பார்கள். அதில் என்ன வசனம் இருக்கிறதோ அதுதான் அந்த வருஷத்துக்குக் கடவுள் அவரவருக்குச் சொன்னது. பரீட்சை ரிசல்ட் பார்க்கிற முகத்தோடு திருப்பிப் பார்ப்பார்கள். நல்ல வசனம் வந்தவர்கள் பக்கத்தில் நிற்கிறவர்களிடம் காட்டுவார்கள். மற்றவர்கள் சத்தமில்லாமல் பைபிளுக்குள் செருகிக்கொண்டு கேக் வாங்கப் போவார்கள். பாளையங்கோட்டையில் மற்ற சபைகளிலெல்லாம் இனிப்பான வசனத்தை மட்டும்தான் அச்சடிப்பார்கள். இங்கே முன்பு இருந்த குருவானவர் ஒரு பிடிவாதக்காரர். வேதத்தில் ஆறுதல் மட்டுமா இருக்கிறது, புத்தியும்தானே இருக்கிறது என்று இரண்டையும் கலந்து நூற்றிருபது வசனம் பொறுக்கிக் கொடுத்துவிட்டு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அச்சகத்தில் அந்தப் பட்டியலை இன்றுவரை யாரும் தொடவில்லை. ஆறு விதமான தாள், ஒவ்வொன்றிலும் நாலு பிரதி. எந்த வசனம் எந்தத் தாளில் எத்தனையாவது வரிசையில் வரும் என்பது லீதியாளுக்குத் தன் வீட்டு அலமாரி மாதிரி தெரியும்.

கத்திரிக்கோல் தையல் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று சால்வையோடு சேர்த்துக் கொடுத்தது. துணியோ தாளோ, அவள் வெட்டினால் கோடு தப்பாது. அதனால்தான் இந்த வேலை பதினைந்து வருஷமாக அவளை விட்டுப் போகவில்லை. வெட்டும்முன் எத்தனை தடவை வேண்டுமானாலும் அளந்துகொள்ளலாம், வெட்டிய பிறகு அழுதாலும் ஒட்டாது என்று முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள். அளந்துவிட்டால் அவளுக்கு ஒரு தைரியம். அளந்தது கைக்குள் வந்துவிட்ட மாதிரி. சென்னையிலிருந்து மகள் பியூலாவும் மருமகனும் காலை ஐந்து மணிக்குக் காரில் கிளம்பினார்கள், ஏழு மாத வயிற்றோடு. லீதியாள் அந்தத் தூரத்தையும் அளந்துகொண்டுதான் இருக்கிறாள். மணிக்கொரு போன். விழுப்புரம் தாண்டியாச்சா, திருச்சி வந்தாச்சா, ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாகப் போகச் சொல்லு, காலை நீட்டி உட்காரு, தண்ணீர் குடி. சொன்னால் மட்டும் ரோடு சமமாகிவிடுமா. தெரியும். தெரிந்துதான் சொல்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐந்தாம் மாதத்தில் ஒன்று போய்விட்டது. அன்றைக்கு இவள் போன் பண்ணவில்லை, பெண்கள் சங்கத்துக் கூட்டத்தில் இருந்தாள். கூட்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னது காதில் ஏறியது, மனசில் ஏறவில்லை. வாசல் பக்கம் ஏணி இழுபடுகிற சத்தம். அவள் வீட்டுக்காரர் அருமைநாயகம் கிறிஸ்துமஸ் ஸ்டாரை இறக்குகிறார். பல்பு விட்டுவிட்டு எரிகிறதாம். கரண்ட் ஆபீசில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவருக்கு எழுபத்திரண்டு வயதிலும் ஒரு வயரைச் சும்மா விட மனசு வராது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுஷன் ஏணி ஏறலாமா என்று இங்கிருந்தே குரல் கொடுக்க வாயெடுத்தாள். கை முதல் தாளை முடித்து இரண்டாவதற்குப் போயிருந்தது. நாலாவது வரிசையில் மூன்றாவது, பிள்ளை வரத்தைப் பற்றிய வசனம், வயிற்றின் கனி கடவுள் தருவது என்கிற வசனம். வெட்டினாள். வெட்டியதும் கத்திரிக்கோல் நிற்கவில்லை. அந்தக் கார்டின் மேல் வலது மூலையில் அரிசி நுனி அளவுக்கு இன்னொரு சின்ன வெட்டு விழுந்துவிட்டது. அவளாகக் கொடுத்தாளா, கை தானாகக் கொடுத்ததா, கேட்டால் சொல்லத் தெரியாது. கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துணியில் இரண்டு துண்டு சேர வேண்டிய இடத்தில் இப்படித்தான் ஒரு சின்ன வெட்டுக் கொடுப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரல் கண்டுபிடித்துவிடும். எட்டு வருஷத்துக்கு முந்தைய புதுவருஷத்துக்கு ஒரு கார்டில் அப்படி வெட்டினாள். நீண்ட ஆயுசு தந்து மனசை நிறையச் செய்வேன் என்று சொல்லுகிற கார்டு. அதுவரை அவளுக்கு அப்படி ஒரு புத்தி போனதே இல்லை. அந்த வருஷம் மகன் ஆசீர் வேலை மாறி ஊரோடு வந்திருந்தான். இருபத்தாறு முடிந்து இருபத்தேழு நடக்கிறது. பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அருமைநாயகத்துக்கு அதற்கு முந்தின அக்டோபரில்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. வீட்டுக்குள் எங்கேயோ ஒரு பயம் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, எந்தச் சுவரில் என்று தெரியவில்லை. பெரிய தப்பா அது. ஒரு கார்டு. இந்தப் பக்கம் வரிசையில் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள், அந்தப் பக்கம் குருவானவர். ஆண்கள் அங்கேதான் போவார்கள். அவள் ஆசீரைப் பார்த்து இங்கே வா என்று கண்ணைக் காட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே வந்தான், ஊதா கட்டம் போட்ட சட்டை, காலர் அவள் தைத்தது. அவன் கையை நீட்டியபோது தட்டை அரை அங்குலம் திருப்பினாள். கட்டைவிரலுக்கடியில் இருந்த கார்டை அவன் விரலுக்கு நேராகத் தள்ளினாள். எடுத்துக்கொண்டான். அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பின்னால் நின்ற எமிலி அக்கா அடுத்துக் கை நீட்டிவிட்டாள். அன்றைக்கு முழுதும் லீதியாளுக்கு நிம்மதி என்றால் அப்படியொரு நிம்மதி. மத்தியானம் பிரியாணிக்கு உப்புக்கூடச் சரியாக இருந்தது. நவம்பரில் மூன்று நாள் காய்ச்சல். முதல் நாள் மழையில் நனைந்ததுதான் என்று மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். இரண்டாம் நாள் நிலவேம்புக் கஷாயம். மூன்றாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, அம்மா இன்னைக்குத் தேவலை, இட்லி தா என்று கேட்டு மூன்று இட்லி சாப்பிட்டான். பத்து மணிக்குக் கைகால் ஜில்லென்று போனது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், ஓடினார்கள், அவர்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். சாயங்காலம் ஆறு அடிக்கவில்லை. அந்த மூன்று இட்லியை அவள் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

முதல் நாளே கூட்டிக்கொண்டு போயிருந்தால். அதையும் எண்ணி எண்ணிப் பார்த்தாகிவிட்டது, அந்தக் கதவு திறக்காது. அவளைக் கொல்லுவது வேறொன்று. அடக்கம் முடிந்து எட்டாம் நாளோ பத்தாம் நாளோ, அவன் பைபிளை எடுத்துத் திறந்தாள், அந்தக் கார்டைப் பார்க்க. பார்த்து என்ன கேட்கப் போகிறாள், நீண்ட ஆயுசு என்று சொன்னீரே என்று கடவுளிடம் நியாயம் கேட்கவா, அல்லது அதைக் கிழித்துப் போடவா, ஒன்றும் தெரியாது. அந்தக் கார்டு வேண்டும், அவ்வளவுதான். பைபிளில் கார்டு இருந்தது. அது அவள் கொடுத்த கார்டு இல்லை. மனுஷன் புல்லைப் போன்றவன், காலையில் தழைத்து நிற்பான், பொழுது சாய்வதற்குள் வாடிவிடுவான் என்கிற வசனம். மூலையைத் தடவிப் பார்த்தாள். வெட்டு இல்லை. பக்கம் பக்கமாக உதறினாள், சட்டைப் பைகளில் தேடினாள், பர்ஸைக் கவிழ்த்தாள், மெத்தைக்கடியில் பார்த்தாள். இல்லை. தன் கையால் வெட்டி, தன் விரலால் தள்ளி, தன் கண்ணால் அவன் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்த கார்டு, வீட்டுக்குள்ளேயே வேறொன்றாகிவிட்டது. அன்றைக்கு அவளுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அவள் போட்ட கார்டை எடுத்துவிட்டுக் கடவுள் தன் கார்டை வைத்துவிட்டார். நீ யார் என் தட்டைத் திருப்ப என்று கேட்டுவிட்டார். யாரிடம் சொல்ல முடியும். அருமைநாயகத்திடமா. மகன் போன பிறகு அந்த மனுஷன் பாதி ஆளாகிவிட்டார். நாலு வார்த்தை பேசுகிற இடத்தில் ஒரு வார்த்தை. அவர் பிறந்தநாளுக்குப் பியூலா கேக் வாங்கி வந்தால் தலைவலி என்று சொல்லிக் குப்புறப் படுத்துக்கொள்வார். அவரிடம் போய், உங்கள் மகன் கார்டில் நான் கை வைத்தேன் என்றா. அதற்கடுத்த புதுவருஷத்திலிருந்து அவள் புல்லு வசனத்தைத் தாளிலிருந்து வெட்டி எடுத்துத் தையல் மிஷின் டிராயரில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வந்தாள். வசனம் அச்சடித்த கார்டைக் கிழிக்கவும் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. வருஷத்துக்கு நாலாக, ஏழு வருஷத்தில் இருபத்தெட்டு கார்டு அங்கே கிடக்கிறது. ஏழு வருஷமாக இந்தச் சபையில் ஒருத்தர் கையிலும் அந்த வசனம் போகவில்லை. ஆனாலும் இருபத்துமூன்று அடக்க ஆராதனை நடந்திருக்கிறது. எமிலி அக்காவுக்குச் சந்தோஷத்தைப் பற்றிய வசனம் வந்த வருஷம்தான் அவள் வீட்டுக்காரர் பாத்ரூமில் விழுந்தார். லீதியாள் கணக்குப் பார்க்கத் தெரியாதவள் இல்லை. தெரிந்தும் வெட்டினாள். இப்போது பியூலாவின் கார்டிலும் வெட்டியாகிவிட்டது. நாளைக்கு அதைக் கட்டைவிரலுக்கடியில் வைத்துக்கொண்டு நின்றால், போன தடவை மகன், இந்தத் தடவை. வைக்காவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு தட்டை நீட்டினால், மகள் கைக்கு எது வருமோ, அவள் வயிற்றிலிருப்பதற்கு எது வருமோ. தள்ளினாலும் பயம், தள்ளாவிட்டாலும் பயம். மூன்றாவது தாள் ஏற்கெனவே கையில் இருந்தது.

கடைசி வரிசையில் இரண்டாவது, புல்லு வசனம். நாலு பிரதியிலும் அந்த இடத்தை வெட்டி நாலு கார்டையும் ஓரமாக வைத்தாள். வழக்கமாக இந்த வேலையை அவர் சாப்பிட்டுக் கண்ணயர்கிற நேரத்தில் முடித்து டப்பாவில் போட்டு மூடிவிடுவாள். இன்றைக்கு ஸ்டார் அவரைத் தூங்க விடவில்லை என்பதை மறந்துபோனாள். கருப்பு டேப் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தவர் மேஜையருகே நின்றார். தனியாகக் கிடந்த நாலில் ஒன்றை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடிக்கூட்டை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். படிக்க அவ்வளவு நேரம் ஆகிற வசனம் இல்லை அது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இதை என்னத்துக்குத் தனியா எடுத்து வச்சிருக்க?"

அச்சு சரியில்லை என்று சொல்லலாம் என்று நினைத்தாள். வாய் வேறு சொன்னது.

"இது யாருக்கும் வேண்டாம்."

அவர் கார்டை மேஜைமேல் வைத்து, விரலால் நேராக்கினார்.

"ஆசீர் பைபிள்ல இருக்கே, அதுதான."

லீதியாள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பைபிளை அவள் அன்றைக்கே பட்டுச்சேலைக்கடியில் வைத்துப் பூட்டியவள். அதற்குள் கார்டு இருப்பதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை, தனியாக இருக்கும்போதுகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"அது ஆசீருக்கு வந்தது இல்ல, லீதியா. அது நான் எடுத்தது."

அவர் பேசப் பேச அவள் கத்திரிக்கோலைக் கீழே வைக்கவும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் குருவானவர் தட்டில் அவர் எடுத்த கார்டு அது. திருப்பிப் பார்த்துவிட்டு, தப்பாகப் படித்துவிட்டோமோ என்று இன்னொரு தடவை படித்தாராம். ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகவில்லை. ராத்திரி இடது பக்கம் திரும்பிப் படுக்கப் பயந்துகொண்டிருந்த நாள். கோயிலுக்கு வெளியே வாகைமரத்தடியில் காப்பிக்கு நிற்கும்போது ஆசீர் பக்கத்தில் வந்து, என்ன வந்திச்சுப்பா என்று கேட்டு அவர் கையிலிருந்ததைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறான். அவர் முகத்தையும் பார்த்திருக்கிறான். உடனே சிரித்துவிட்டுத் தன் கார்டை அவர் சட்டைப்பையில் செருகி, அவருடையதைத் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டான். எனக்கு இப்பமே என்னத்துக்குப்பா நீண்ட ஆயுசு, எனக்கு நாள் நிறையக் கெடக்கு, இது உங்களுக்குத்தான் தேவை, அம்மைட்ட மட்டும் சொல்லிராதீங்க, கார்டை மாத்துறது பாவம்னு வைவா. சொல்லிவிட்டு இரண்டு காப்பி வாங்கி வந்தான். இதைச் சொல்லும்போது அருமைநாயகம் அவளைப் பார்க்கவில்லை. வெளியே தரையில் பிரிந்துகிடந்த ஸ்டாரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் வாங்கிக்கிட்டேன். வேண்டாம்டே, உன்னோடதை நீ வச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லல. சந்தோஷமா வாங்கிக்கிட்டேன். எனக்கு எழுபத்திரண்டு முடிஞ்சிட்டு. அவன் ஆயுசைத்தான் நான் தின்னுக்கிட்டு இருக்கேன்."

கண்ணாடிக்கூட்டின் அடியில் ஒட்டியிருந்த துணியை நகத்தால் நெம்பினார். அங்கிருந்து ஒரு கார்டு வந்தது. ஓரம் கறுத்து, எழுத்து மங்கி, நடுவில் மடிப்பு விழுந்து. அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் மேல் வலது மூலையைத் தடவினாள். அரிசி நுனி அளவு வெட்டு இருந்தது. ஏழு வருஷம் மெத்தைக்கடியிலும் கனவிலும் தேடியது இந்த மனுஷனின் சட்டைப்பையில் தினமும் அவளோடு சாப்பிட உட்கார்ந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்திருக்கிறது, பக்கத்துத் தலையணையில் தூங்கியிருக்கிறது. கடவுள் அவள் தட்டில் கைவைக்கவில்லை. ஒரு பையன் அப்பா முகம் வாடினதைப் பார்த்தான், கையிலிருந்ததைக் கொடுத்தான், அவ்வளவுதான் நடந்தது. அதை நினைத்ததும் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ, ஏழு வருஷமாக வராத அழுகை வந்தது, வேட்டிமேல் அடுக்கியிருந்த தாள் நனைந்துவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அவன் அப்படித்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற மிட்டாயைப் பாதி கடித்துவிட்டுத் தங்கச்சிக்குக் கொண்டுவருவான். பயந்து பயந்து அவள் தேடிவைத்த ஆயுசைக் கேக் துண்டு மாதிரி எடுத்துக் கொடுத்துவிட்டுக் காப்பி வாங்கப் போய்விட்டான். அழுகை கொஞ்சம் அடங்கியதும், பிறகு எப்போது சொல்வது, இந்த மனுஷன் இன்னும் எத்தனை பிறந்தநாளுக்குக் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது. சொல்லிவிட்டாள்.

"அது கர்த்தர் அவனுக்குத் தந்தது இல்லங்க. நான் எடுத்து வச்சு, நான் தள்ளினது. இந்த மூலையைத் தடவிப் பாருங்க."

அவர் தடவிப் பார்த்தார். எலி கடித்தது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாராம். தட்டைத் திருப்பியது, கண்ணைக் காட்டியது, பைபிளில் கார்டு மாறியிருந்தது, டப்பாவில் இருபத்தெட்டு, இன்றைக்குப் பியூலாவுக்காகக் கை தானாக வெட்டியது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கோபப்படுவார் என்று நினைத்தாள், கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் அந்த மூலையை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். வெளியே ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. அந்தக் கார்டு யாருடைய ஆயுசும் இல்லை என்பது அவருக்குள் மெள்ள மெள்ள இறங்குவதை அவள் முகத்தில் பார்த்தாள். சந்தோஷமில்லை அது. மகன் திரும்பி வந்துவிடவில்லை. அவன் நாள் அவனுக்குத்தான் எழுதியிருந்தது, இவர் நாள் இவருக்கு, அது எத்தனை என்று இவள் கத்திரிக்கோலுக்கும் தெரியாது, அவர் சட்டைப்பைக்கும் தெரியாது. பியூலா வயிற்றில் ஏழு மாதமாக இருக்கிறதே, அதற்கும் அதன் நாள். கோயிலில் எத்தனையோ தடவை கேட்ட பேச்சுதான். கேட்ட அன்றெல்லாம் அது அடுத்த பெஞ்சில் இருக்கிறவர்களுக்குச் சொல்வதாகத்தான் இருந்தது. அருமைநாயகம் கடைசியில் கார்டை எடுத்துக் கண்ணாடிக்கூட்டுக்குள் திரும்ப வைத்தார்.

"அப்பம் இது நீ வெட்டினதுதான. அப்பம் வச்சுக்கிடுதேன்."

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. பியூலாவின் கார்டு மற்றவற்றோடு சேராமல் மேஜை ஓரத்தில் கிடந்தது. அதைத் தட்டில் போட்டால் நாளைக்கு அவள் கட்டைவிரல் அதைத் தேடிக்கொண்டு போகும், எத்தனை ஜெபம் பண்ணிக்கொண்டு நின்றாலும் போகும். தன் விரலை அவளுக்குத் தெரியும். தூக்கித் தனியே வைத்துவிட்டாலோ மகளுக்கு வரவேண்டியதைத் தடுத்த மாதிரி ஆகிவிடும், ஆயுசுக்கும் அதையே எண்ணிக்கொண்டிருப்பாள். என்ன செய்ய என்று அவரிடமே கேட்டாள். அவர் வெட்டிய கார்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மீதித் தாள்களை வெட்டினாள், அவர் தட்டித் தட்டி அடுக்கினார். புல்லு வசனம் நாலையும் அவர்தான் எடுத்து அடுக்கில் கலந்தார், அவள் தடுக்கவில்லை. டிராயரில் கிடக்கிற இருபத்தெட்டையும் என்ன செய்வது என்று பிறகு யோசித்துக்கொள்ளலாம். கடைசித் தாளும் முடிந்து கத்திரிக்கோலைக் கீழே வைக்கப் போனவள் வைக்கவில்லை. அடுக்கின்மேலிருந்து பத்துக் கார்டை எடுத்து ஒன்றாகப் பிடித்து, மேல் வலது மூலையில் அரிசி நுனி அளவுக்கு ஒரு வெட்டுக் கொடுத்தாள். அடுத்த பத்து. அவர் கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்தார், பிறகு புரிந்தது, பத்துப் பத்தாக எண்ணி ஓரம் தட்டி அவள் கையில் கொடுத்தார். நானூற்றெண்பது கார்டு. ஆயுசு, ஆறுதல், புத்தி, புல்லு, பிள்ளை வரம், எல்லாவற்றிலும் ஒரே வெட்டு. விரல் வலித்தது, கத்திரிக்கோல் வளையம் பதிந்த இடம் சிவந்தது. நடுவில் போன் அடித்தது. பியூலா. மூணு மணிக்கு நீ கூப்பிடலையேம்மா, உடம்புக்கு என்ன செய்யுது என்று கேட்டாள். ஒன்றுமில்லை, வேலையாக இருந்தேன், எங்கே வருகிறீர்கள் என்றாள் லீதியாள். கோவில்பட்டி தாண்டிவிட்டார்களாம். உள்ளே இருப்பது வழி முழுதும் உதைத்துக்கொண்டு வருகிறதாம். மெதுவாகப் போகச் சொல் என்று நுனிநாக்குவரை வந்தது. வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். பியூலாவின் கார்டை எடுத்து, வசனத்தைப் பார்க்காமல் அடுக்கின் நடுவில் செருகினாள். அருமைநாயகம் அடுக்கைப் பிரித்துக் கலைத்தார், இன்னொரு தடவை கலைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் ஒன்றுபோல இருந்தது. எது எங்கே என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது.

நாலு அடிக்கும்போது மாசிலாமணி சைக்கிள் மணி கேட்டது. வாசலில் ஸ்டாரைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்தவர், முப்பது வருஷமாகக் கோயில் மணிக்கயிற்றை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கையால் பெட்டியைத் திறந்து மேலே இருந்த கார்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதையும் எடுத்துத் திருப்பினார்.

"என்னம்மா, எல்லாத்துலயும் மூலை வெட்டிக் கெடக்கு? அச்சுல தப்பா?"

"இல்ல அண்ணாச்சி. எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெட்டியை மூடிச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். லீதியாள் வாசலில் நின்று, அவர் தெரு முனை திரும்புகிறவரை அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பியூலாவுக்குச் சுடுதண்ணீர் வைக்க உள்ளே போனாள்.